துணியில் சுற்றி வைத்த பச்சை

அன்புள்ள அக்காவுக்கு, உன் தங்கை எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் நீ எங்கேயாவது உட்கார். உட்கார்ந்தாயா? குழந்தை இல்லை. எந்தக் குழந்தையும் இல்லை. உன் பெண், நம் நண்டு, வீட்டை விட்டுப் போனபோது எப்படி ஒற்றை ஆளாகப் போனாளோ, அப்படியே ஒற்றை ஆளாகத்தான் இருக்கிறாள். கடவுள் நம்மைக் கைவிடவில்லை.

இந்த வரிகளை இன்னொரு தடவை படித்துக்கொள். இனி நான் என் போக்கில் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் வீட்டுப் போன் அத்தானின் சட்டைப் பையில் அல்லவா குடியிருக்கிறது! அவர் எடுத்தால் காது சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நான் சொல்வதைத் தெருவே நின்று கேட்கும். அதனால்தான் தையல்கடைக்காரம்மா பெயருக்கு இதை அனுப்புகிறேன். அவர் பிரித்துப் பார்க்கிற ஆளில்லை. அப்படியே பார்த்தாலும் இப்போது மறைக்க என்ன இருக்கிறது? தையல்கடைக்காரம்மா, படிப்பதாக இருந்தால் படித்துவிட்டுச் சீக்கிரம் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். பாவம், அவளுக்குச் சாப்பாடே இறங்காமல் இருக்கிறது.

நீ அன்றைக்கு என் வீட்டு அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. அத்தான் குளிக்கப் போன நேரத்தில் போன் அடித்தது, எடுத்தால் நண்டு. அவள் கூப்பிடுவதே அபூர்வம். நீ ஆசையாக, "ஒரு நடை வந்துட்டுப் போயேன்டி" என்றாய். அதற்கு அவள், "இப்ப எப்படிம்மா வர முடியும்? இன்னும் பச்சையா இருக்கு. ஈரம் போகாம துணியில சுத்தி வெச்சிருக்கேன். காத்துப் பட்டாலே ஆகாது. பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்" என்றாள். அதோடு லைன் போய்விட்டது. "பச்சைக் குழந்தைடி! என் பொண்ணு கல்யாணம் ஆகாம, பச்சை உடம்போட, தனியா கிடக்கறாடி" என்று என் தோளில் விழுந்து நீ அழுதாய். நானும் சேர்ந்து அழுதேன். ஈரம் போகாமல் என்று அவள் சொன்னது ஏன் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குழந்தை ஈரம் பண்ணத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

உன் முட்டி இருக்கிற நிலையில் நீ கிளம்ப முடியாது, அத்தானிடம் சொல்லவும் முடியாது. அதனால் நான் கிளம்பினேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதில் பொய்யொன்றும் இல்லை. பஸ் முழுக்க வேண்டிக்கொண்டேதான் வந்தேன். முதலில், அங்கே குழந்தையே இருக்கக்கூடாது என்று வேண்டினேன். பாதி வழியில் மனசு கேட்கவில்லை. இருந்தால் கை கால் சுகத்தோடு நல்லபடியாக இருக்கட்டும் என்று மாற்றி வேண்டினேன். இவளுக்கு எதைத்தான் கொடுப்பது என்று கடவுளே குழம்பிப் போயிருப்பார். நீ கொடுத்தனுப்பிய மூட்டையை மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். நான் மடியை விட்டு இறக்கவில்லை.

இது பழைய காலத்து ஊர் அக்கா. சுற்றிலும் மதில். பஸ் உள்ளே நுழையாது, வளைவு வாசலுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டுவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் தெருவுக்குத் தெரு மண்பாண்டம்தான். வாசற்படி வரைக்கும் ஜாடி, கிண்ணம், தட்டு, என் உயரத்துக்குத் தாழி. வீட்டு நம்பரைக்கூடச் சுட்ட ஓட்டில்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருக்களித்தே நடந்தேன். முழங்கை பட்டு எதையாவது தள்ளிவிட்டால் யார் பதில் சொல்வது? ஒரு பக்கம் இப்படி என்றால், அடுத்த தெருவில் எல்லாம் வெள்ளைச் சுவரும் கண்ணாடிக் கதவும். உள்ளே நவீன ஓவியமாம். ஒரு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய படம், முழுக்கச் சிவப்பு. இன்னும் வரைந்து முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லையாம், அதுதான் படமாம். சரி, எனக்கென்ன, அவர்கள் சிவப்பு, அவர்கள் சுவர்.

விசாரித்து விசாரித்து நண்டு வேலை செய்கிற பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் திறந்தது சூளைக்குச் சொந்தக்காரம்மா. உன் வயது இருக்கும், ஆள் தூண் மாதிரி, தலைமுடியில்கூட மண். நான் பெண்ணின் சித்தி என்று சொல்லி வாயை மூடவில்லை, "அடடே, உள்ள வாங்க உள்ள வாங்க, முதல்ல கதவைச் சாத்துங்க. காத்து வரக்கூடாது. ரெண்டு பச்சை இருக்கு உள்ள" என்றார். நான் மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒன்று என்று பயந்து வந்தால் இரண்டாம்! "ரெண்டா?" என்றேன். "ஆமா, பெருசு உங்க பொண்ணுது. சின்னது என்னுது" என்றார் அந்த அம்மா. இந்த வயதில் இவருக்குமா என்று நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன்.

அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "பெருசு ஜம்முனு இருக்கு, கவலையே படாதீங்க. சின்னதுக்குத்தான் காதோரமா லேசா விரிசல் விட்டிருக்கு" என்றார். "ஐயோ, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றேன். "டாக்டர் எதுக்கு? மண்ணைக் குழைச்சு அப்பினா ஒட்டிக்கும். ஒட்டலைன்னா அந்தக் காதைப் பிச்சுப் போட்டுட்டு வேற காது வெச்சுட வேண்டியதுதான்" என்றார். நான் பக்கத்தில் இருந்த சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவரோ சாவதானமாக, "நல்லாக் காயட்டும். காய்ஞ்சதும் ரெண்டையும் சேத்து சூளையில ஏத்திட வேண்டியதுதான்" என்றார். "குழந்தையையா!" என்று நான் போட்ட கூச்சலில் உள்ளேயிருந்து நண்டு ஓடி வந்தாள், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் களிமண்ணோடு.

சுடாத மண்பாண்டத்துக்கு இவர்கள் பச்சை என்றுதான் சொல்கிறார்கள் அக்கா. பானைக்குப் பிடி வைத்தால் அதற்குக் காது என்று பெயர். இப்போது யோசித்தால் நாமும் டம்ளருக்குக் காது என்றுதானே சொல்கிறோம்? அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? நான் விஷயத்தைச் சொன்னதும் சூளைக்காரம்மா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அறுபது வயசுல எனக்கு ஒண்ணு பொறந்திருக்குன்னு நினைச்சீங்களா? எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா உங்களுக்குக் கோயிலே கட்டியிருப்பாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். சாமிக்கு எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

நண்டும் முதலில் சிரித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். "அப்ப அம்மாவும் இப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்களா சித்தி?" என்று கேட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய பதில் என்று அவளுக்குத் தெரியாதா? "என்னைப் பத்தி அவ்வளவுதான் நம்பிக்கையா?" என்றாள். உள்ளே திரும்பிப் போகப் பார்த்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மடியில் இருந்த மூட்டையை அவிழ்த்துவிட்டேன்.

உன் பழைய நூல் புடவையைக் கிழித்து மடித்த துணிகள் மேலே இருந்தன. அதைப் பார்த்ததுமே, "இது அம்மா மடிச்சது" என்றாள். அடியில் அந்தத் தொப்பி. நீ பின்னிய தொப்பி. "இது யாருக்கு?" என்றாள். "உன் குழந்தைக்குத்தான், வேற யாருக்கு? பக்கத்து வீட்டுப் பேத்திக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டுப் பின்னினா" என்றேன். "குழந்தை இருக்குன்னு நம்பிட்டா பின்னினாங்க?" என்றாள். "நம்பாமலா பின்னுவா?" என்றேன். "திட்டலையா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். நீ அழுதாய், பயந்தாய், முட்டியைக் கரித்துக் கொட்டினாய். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கே அப்போதுதான் உறைத்தது. "இல்லடி. தலை நனையாம பாத்துக்கச் சொல்லுன்னு மட்டும் சொன்னா" என்றேன்.

அவள் கையெல்லாம் மண் அல்லவா, துணியைத் தொட முடியவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படியே குனிந்து, என் மடியில் இருந்த அந்தத் துணிகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் இருந்தாள் என்று தெரியாது. சூளைக்காரம்மா ஏதோ வேலை இருப்பதுபோல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நிமிர்ந்ததும் நண்டு சொன்ன முதல் வார்த்தை, "தொப்பி ரொம்பச் சின்னதா இருக்கே சித்தி." "உன் தலை பிறந்தப்ப அந்த அளவுதான். உங்கம்மா வேற எந்தத் தலையை நினைச்சுப் பின்னுவா?" என்றேன்.

இனி நீ கேட்க நினைப்பதற்கெல்லாம் பதில். பட்டறைக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். சுத்தமாக இருக்கிறது. உள்தாழ்ப்பாள் கெட்டியானது, நானே இழுத்துப் பார்த்தேன். அவள் குளிக்கப் போன சமயம் கட்டிலுக்கு அடியிலும் பார்த்துவிட்டேன். அவள் செருப்பு மட்டும்தான் இருக்கிறது. இளைத்திருக்கிறாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோள் இறுகியிருக்கிறது. மண்ணை மிதித்துப் பிசைகிற வேலை. நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள். சாமி படம் ஒன்று ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறாள், அதில் தூசி இல்லை. சூளைக்காரம்மா அவளைத் திட்டுகிற திட்டைக் கேட்டேன். சொந்தப் பெண்ணைத்தான் அப்படித் திட்ட முடியும். அந்த விஷயத்திலும் நிம்மதி.

இன்று காலையில் என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த பெரிய கட்டடத்தைக் கலைக்கூடமாக ஆக்கியிருக்கிறார்கள். வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். வேண்டாம் சித்தி என்று அவள் சொல்வதற்குள் எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்துத் தாங்களும் கழற்றிவிட்டார்கள். உள்ளே ஆளுயரக் கறுப்புக் கல் ஒன்று, நடுவில் ஒரு ஓட்டை. கை தானாகவே கூப்பிக்கொண்டது. காவல்காரர் வந்து, "அம்மா, அது சாமி இல்லம்மா" என்றார். "இருக்கட்டும்பா, கும்பிட்டதைத் திரும்ப வாங்கவா முடியும்?" என்றேன். நண்டு தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். அவள் சிறு வயதில் சிரித்த அதே சிரிப்பு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு.

அடுத்த அறையில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மேடைமேல், துவைத்து மடித்த துண்டு ஒன்று இருந்தது. துடைக்க வந்தவர்கள் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் பாவம் என்று எடுக்கக் கையை நீட்டினேன். காவல்காரர் போட்ட சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. அது துணி இல்லையாம், மண்ணாம். சுட்ட மண். மடிப்பு, சுருக்கம், ஓரத்தில் தொங்கும் நூல், அத்தனையும் மண். "எல்லாருக்கும் இதை எடுக்கத்தாம்மா கை போகுது" என்றார் காவல்காரர், என்னமோ தானே செய்ததுபோல. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நாலாக மடித்து, கடைசி முனையை உள்ளே செருகியிருந்தது. உன்னைத் தவிர உலகத்தில் யார் அக்கா அப்படி மடிக்கிறார்கள்? உன் மாமியார் வீட்டில்கூட, இவ துணியைத் தபால் கவர் மாதிரி ஒட்டுறா என்று கேலி பண்ணினார்களே, அந்த மடிப்பு. நான் நண்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த ஏதோ படத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் பட்டறைக்குத் திரும்பியதும் அந்தப் பெரிய பச்சையைப் பிரித்துக் காட்டினாள். என் இடுப்பு உயரத்துக்கு மடித்த துணி அடுக்கு. புடவை, போர்வை, சட்டை, பள்ளிக்கூடப் பாவாடை. எல்லாம் மண். ஒவ்வொன்றிலும் முனை உள்ளே செருகியிருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சட்டையைப் பார்த்தால் உனக்கே தெரியும், பை வைத்த சட்டை, அத்தானுடையது. போன் வைத்த இடம்கூடப் புடைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் செய்துகொண்டுதான் காற்றுப் படாமல் காத்துக்கொண்டிருந்தாள். ஈரம் ஒரே சீராகப் போகவில்லை என்றால் வெடித்துவிடுமாம்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேனே. நேற்று சாயங்காலம் சுற்றி வைக்கத் துணி பற்றவில்லை என்று தேடிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து, "அந்தத் துணியை எடுத்துக்கவா?" என்றாள். "உனக்குக் கொடுத்தனுப்பினதுதானே" என்றேன். உன் புடவைத் துணியை நனைத்துப் பிழிந்து அந்த அடுக்கைச் சுற்றிக் கட்டினாள். காலையில் அவளும் நானும் அவசரமாகக் கிளம்பிவிட்டோம். மத்தியானம் பிரிக்கும்போதுதான் பார்த்தோம். நேற்றுப் புதிதாக வைத்த மேல் மடிப்பு இளகலாக இருந்திருக்கிறது. அதில் உன் புடவையின் கரை அப்படியே பதிந்துவிட்டது. அந்தச் சின்னச் சின்னக் கட்டம், இரண்டு கோடு, எல்லாம். சூளைக்காரம்மா, "ஈர விரலால ஒரு தடவு தடவு, போயிடும்" என்றார். நண்டு, "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். சுட்டுவிட்டால் அப்புறம் யாராலும் அதை அழிக்க முடியாதாம்.

இப்போது அத்தான் விஷயம். "மண்ணைப் பிசையறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? அப்படின்னா மண்ணோடயே இரு" என்று அவர் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் நேற்றுப் படுக்கும்போது, "அப்பா இன்னும் பேப்பரைச் சத்தமாத்தான் படிக்கிறாரா?" என்று கேட்டாள். நான் ஒரு யோசனை சொல்கிறேன், சிரிக்காதே. அவரிடம் நேராக மண் என்று ஆரம்பிக்காதே. நாம் பயந்த கதையை முதலில் சொல். பச்சை, துணி, காற்று என்று வரிசையாகச் சொல். முகம் கறுத்து, சட்டைப் பையில் கை வைத்து, போனை எடுக்கப் போவார். அப்போது சொல், எல்லாம் மண்தாங்க என்று. மண் அவருக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கும் பார்!

காய்ந்து சூளையில் ஏற்ற இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். சுட்டு, ஆறவிட்டு, சூளையைப் பிரிக்கிற வரைக்கும் உள்ளே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாதாம். சூளைக்காரம்மாவே அன்றைக்குச் சாப்பிட மாட்டாராம். அந்த நாளுக்கு அப்பா அம்மாவைக் கூப்பிடேன்டி என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைத் துடைத்தாள். கூப்பிட்டு நீங்கள் வராமல் போனால் அவளால் தாங்க முடியாது. கூப்பிடாமலே இருந்துவிட்டால், கூப்பிடவில்லை, அதனால் வரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அவள் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

அதனால் அவள் கூப்பிடுவாள் என்று காத்திருக்காதே அக்கா. நான் கூப்பிடுகிறேன். குழந்தை என்றிருந்தால் நீ முட்டியைக் கையில் பிடித்துக்கொண்டாவது வந்திருப்பாய். தொப்பி பின்னியவளுக்கு வரத் தெரியாதா? வளைவு வாசலில் இருந்து பட்டறை வரைக்கும் மேடு கிடையாது, உனக்காகவே நடந்து பார்த்துவிட்டேன். வழியில் உட்கார ஒரு கல் பெஞ்சும் இருக்கிறது. அத்தான் தன் சட்டையைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று நான் பார்க்க வேண்டும்.

எல்லாம் வல்லவன் உன் முட்டிக்குப் பலத்தையும், அத்தானுக்கு நல்ல புத்தியையும், அந்தப் பெரிய பச்சைக்கு ஒரு விரிசலும் விழாத வரத்தையும் கொடுக்கட்டும். மூன்றில் இரண்டாவதுதான் கஷ்டம் என்பதால் அதற்குத்தான் அதிகமாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை

பின்குறிப்பு: துணிகளையெல்லாம் துவைத்துத் திருப்பிக் கொண்டுவருகிறேன். தொப்பியை மட்டும் தரமாட்டேன் என்கிறாள். நீ மறுபடியும் எதையாவது நினைத்துக்கொண்டு அழாதே. சும்மாதான் வைத்துக்கொண்டிருக்கிறாள், தலையணைக்கு அடியில்.